செல்ஃப் எடுக்கலையா? அந்த பட்டனுக்குப் பின்னால் இருக்கும் கெட்டரிங்கின் கதை இது!

என் மாமாவிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. 1950-களில் வந்த வண்டி. இருபது வருஷமாக தார்ப்பாய்க்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்ததை, ரிட்டயர்மென்ட் பணத்தில் கொஞ்சம் எடுத்து ரெஸ்டோர் செய்தார். டிங்கரிங், பெயின்ட், புது சீட், புது வயரிங் என எல்லாம் பக்கா. தெருவில் போகிறவர்கள் நின்று ஒரு செல்ஃபி எடுக்காமல் நகர மாட்டார்கள். பிரச்னை ஒன்றே ஒன்றுதான். வண்டி செல்ஃப் எடுக்காது.

பட்டனை அழுத்தினால் டிக் என்று ஒரு சத்தம். ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி மங்கும். அவ்ளோதான். புது பேட்டரி வாங்கிப் போட்டார்கள். மாற்றம் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி காயில் கட்டினார்கள். அப்பவும் அதே டிக். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நானும் தெருப் பசங்களும் தள்ளித்தான் வண்டியைக் கிளப்பினோம்.

கடைசியில் வந்தவர், வயதான ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன். எதையும் கழற்றவில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும், இன்னொரு முனையை இன்ஜின் மேலும் வைத்தார். மாமாவை பட்டனை அழுத்தச் சொன்னார். மீட்டர் 4 வோல்ட்டைத் தொட்டது. சிரித்துக்கொண்டே உப்புத்தாளை எடுத்து, எர்த் கேபிள் போல்ட் உட்காரும் இடத்தில் பளபளவென்றிருந்த புது பெயின்ட்டைச் சுரண்டினார். போல்ட்டை முறுக்கினார். பட்டனைத் தொட்டதும் வண்டி கிளம்பிவிட்டது!

வண்டியை அழகாக்கப் போட்ட பெயின்ட்தான் கரன்ட்டை மறித்திருக்கிறது. இரண்டு மாத அலைச்சலும், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் செலவான பணமும் மிச்சமாகியிருக்கும், யாராவது முதலிலேயே அந்த எர்த்தைப் பார்த்திருந்தால்.

அன்று இரவு ஒரு கேள்வி வந்தது. நாம் சாதாரணமாக செல்ஃப் என்று சொல்கிறோமே, இதை முதலில் யோசித்தது யார்? தேடிப் போனால் கிடைத்தவர், சார்லஸ் ஃபிராங்க்ளின் கெட்டரிங். அவர் வாழ்க்கை முழுக்க ஒரு ஃபால்ட் தேடும் கதைதான். அதில் அவர் கண்டுபிடித்தவையும் உண்டு. கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு பெரிய ஃபால்ட்டும் உண்டு.

கண் தெரியாத மாணவன், கம்பம் நட்ட பையன்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், லௌடன்வில் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு. 1876-ம் ஆண்டு ஆகஸ்ட் 29-ம் தேதி அங்கே பிறந்தார் கெட்டரிங். விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தார். சேர்த்த காசில் கல்லூரிக்குப் போனார்.

அங்கேதான் சிக்கல். அவருக்குக் கண் பார்வை ரொம்ப பலவீனம். புத்தகத்தை வைத்துப் பத்து நிமிஷம் படித்தால் தலைவலி பின்னி எடுக்கும். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, டெலிபோன் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். குழி தோண்டுவது, கம்பம் நடுவது, கம்பி இழுப்பது எனக் கை காய்க்கிற வேலை. கொஞ்ச நாளில் லைன்மேன்கள் குழுவுக்கே தலைவரானார்.

லைன் அறுந்தால் எங்கே அறுந்தது என்று தேடும் பழக்கம் இங்கேதான் வந்திருக்க வேண்டும். டெலிபோன் லைனில் கோளாறு என்றால் மொத்தக் கம்பியையும் மாற்ற முடியாது. பாதி தூரத்தில் நின்று டெஸ்ட் பண்ண வேண்டும். இந்தப் பக்கம் சரி என்றால் கோளாறு அந்தப் பக்கம். பழைய கார் வயரிங்கிலும் இன்றுவரை இதுதான் சூத்திரம்.

கண் கொஞ்சம் தேறியதும் மறுபடி ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கூடத் தங்கியிருந்த நண்பர்கள் பாடங்களைச் சத்தமாகப் படிக்க, இவர் கேட்டே படித்தார். 1904-ம் ஆண்டு எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் பட்டம் வாங்கும்போது வயது 27. கூடப் படித்தவர்களைவிட நாலைந்து வயது மூத்தவர். அடுத்த வருஷம், டெலிபோன் கம்பெனி நாள்களில் பழக்கமான ஆலிவ் வில்லியம்ஸைத் திருமணம் செய்துகொண்டார்.

கல்லாப்பெட்டியில் கிடைத்த ஐடியா

முதல் வேலை டேட்டன் நகரத்தில் இருந்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில். கடைகளில் பில் போடும் கல்லா மெஷின் தயாரிக்கும் நிறுவனம் அது. அப்போதெல்லாம் அந்த மெஷினில் ஒரு கைப்பிடி இருக்கும். ஒவ்வொரு பில்லுக்கும் சுற்ற வேண்டும். அதை மோட்டாரில் ஓட வைப்பதுதான் கெட்டரிங்குக்குக் கொடுத்த வேலை.

மோட்டார் என்றாலே, நாள் முழுக்க ஓடுவதற்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்பது அந்தக் கால இன்ஜினீயர்களின் எண்ணம். கெட்டரிங் வேற மாதிரி யோசித்தார். கல்லா டிராயர் திறக்க ஒரு விநாடி போதும். அந்த ஒரு விநாடிக்கு மட்டும் சின்ன மோட்டாருக்குள் அளவுக்கு மீறிய கரன்ட்டை அனுப்பினால்? மோட்டார் சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். அப்படியே செய்தார். கைப்பிடி போனது.

இந்த ஒரு விநாடிக் கணக்குதான் பிறகு கார் உலகத்தையே மாற்றியது.

டீட்ஸ் வீட்டுக் கொட்டகை

அதே கம்பெனியில் இருந்த எட்வர்ட் டீட்ஸ் என்பவர், சொந்தமாக ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். அதன் இக்னீஷன் தொல்லை கொடுக்கவே கெட்டரிங்கைக் கூப்பிட்டார். டீட்ஸ் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைதான் வொர்க்‌ஷாப். ஆபீஸ் முடிந்ததும் நண்பர்கள் கூடுவார்கள். ராத்திரியும் வார விடுமுறையும் அங்கேயே கழியும். இன்றைய பாஷையில் சொன்னால், பக்கா ஸ்டார்ட்-அப்.

அன்றைய கார்களில் ஸ்பார்க் உண்டாக்க, பஸ்ஸர் மாதிரி துடிக்கும் காயில்களும் டார்ச்சில் போடுவது போன்ற ட்ரை செல்களும் இருந்தன. ஒரு ஸ்பார்க் தேவைப்படும் இடத்தில் சரமாரியாக ஸ்பார்க் பறக்கும். செல் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேவையான நேரத்தில், தேவையான ஒரே ஒரு ஸ்பார்க் மட்டும் வந்தால் போதுமே என்று கெட்டரிங் சர்க்யூட்டை மாற்றினார். காடிலாக் கம்பெனியின் ஹென்றி லீலாண்ட் ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுத்தார். கெட்டரிங் வேலையை விட்டார். 1909-ம் ஆண்டு டீட்ஸும் அவரும் சேர்ந்து டேட்டன் இன்ஜினீயரிங் லேபரட்டரீஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். சுருக்கமாக, டெல்கோ. ஸ்பானிஷ் மொழியில் இன்றும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு டெல்கோ என்றே பெயர்.

பேட்டரி, காயில், பாயின்ட் செட், கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர். இந்த அமைப்பைக் கெட்டரிங் இக்னீஷன் என்றே இன்ஜினீயரிங் புத்தகங்கள் சொல்கின்றன. எலெக்ட்ரானிக் இக்னீஷன் வரும்வரை உலகத்தின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் ஓடியது இதில்தான். வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரன்ட் ஓடி ஒரு காந்தப்புலம் உருவாகும். பாயின்ட் சட்டென்று திறந்தால் அந்தப் புலம் சரியும். அப்போது காயிலின் இரண்டாவது சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறும். அதுதான் ஸ்பார்க் பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது.

கையை உடைத்த கம்பி

ஸ்பார்க் சரி. ஆனால், இன்ஜினை முதலில் சுற்றிவிட வேண்டுமே? காரின் முன்னால் போய் நின்று, இரும்புக் கம்பியை மாட்டி, பலம் கொண்ட மட்டும் சுற்ற வேண்டும். ஸ்பார்க் டைமிங் கொஞ்சம் முந்திவிட்டால் இன்ஜின் எதிர்த்திசையில் உதைக்கும். மணிக்கட்டு உடையும். மணிக்கட்டு எலும்பில் வரும் ஒருவகை முறிவுக்கு சோஃபர்ஸ் ஃப்ராக்சர் என்றே டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு டிரைவர்கள் கை உடைந்து வந்தார்கள்.

இப்படி கம்பி உதைத்ததில் லீலாண்டின் நண்பர் ஒருவர் உயிரையே விட்டதாகவும், அதற்குப் பிறகுதான் லீலாண்ட் கெட்டரிங்கிடம் வந்ததாகவும் ஒரு கதை காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கதை எப்படியோ, கம்பி இல்லாத கார் வேண்டும் என்று லீலாண்ட் கேட்டது நிஜம்.

இன்ஜினைச் சுற்றும் அளவுக்கு மோட்டார் வைத்தால் அது இன்ஜின் சைஸுக்கு இருக்கும், பேட்டரியை இழுக்கவே இன்னொரு வண்டி வேண்டும் என்பது விஷயம் தெரிந்தவர்களின் வாதம். கெட்டரிங்குக்குக் கல்லாப்பெட்டி நினைவுக்கு வந்தது. இன்ஜின் கிளம்ப சில விநாடிகள் போதும். அந்தச் சில விநாடிகளுக்கு மட்டும் சின்ன மோட்டாரை மிரட்டி வேலை வாங்கலாம். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும், அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, செலவான கரன்ட்டை பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும். அதே பேட்டரியில் ஹெட்லைட்டும் எரியும், ஸ்பார்க்கும் வரும்.

1911-ம் ஆண்டு சிஸ்டம் தயாரானது. 1912 மாடல் காடிலாக் கார்கள், எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர், எலெக்ட்ரிக் லைட், எலெக்ட்ரிக் இக்னீஷனுடன் வந்தன. இதற்காகவே காடிலாக்குக்கு டெவார் கோப்பை இரண்டாவது முறையாகக் கிடைத்தது. 1919-ல் ஃபோர்டு மாடல் டி காருக்கும் செல்ஃப் வந்துவிட்டது.

இதில் இரண்டு விளைவுகள். ஒன்று, கையில் பெரிய பலம் இல்லாதவர்களும் யார் தயவும் இல்லாமல் காரைக் கிளப்ப முடிந்தது. குறிப்பாகப் பெண்கள். இன்னொன்று, கம்பி சுற்றத் தேவையில்லை என்பதாலேயே அப்போது விற்றுக்கொண்டிருந்த எலெக்ட்ரிக் கார்களின் பெரிய பிளஸ் பாயின்ட் காலி. எலெக்ட்ரிக் கார்களை ஓரங்கட்டிய காரணங்களில் ஒன்று, எலெக்ட்ரிக் மோட்டார். காமெடிதான்.

கெட்டரிங்கின் சர்க்யூட்டில் ஃபால்ட் தேடுவது எப்படி?

அந்த 1912 காடிலாக்கில் ஒரு விசேஷம் உண்டு. ஸ்டார்ட் செய்யும்போது 24 வோல்ட். சார்ஜ் ஏறும்போதும் லைட் எரியும்போதும் 6 வோல்ட். எதற்கு இந்தச் சிரமம்? வோல்டேஜ் கூடினால், அதே வேலைக்குக் கரன்ட் குறைவாகப் போதும்.

பிறகு வந்த கார்கள் 6 வோல்ட்டிலேயே பல வருஷம் ஓடின. 1950-களில் 12 வோல்ட்டுக்கு மாறின. 6 வோல்ட் காரை ரெஸ்டோர் செய்பவர்கள் ஒரு கணக்கை மனதில் வைக்க வேண்டும். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். துரு பிடித்த ஒரு ஜாயின்ட்டில் 0.02 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தால், அங்கேயே 3 வோல்ட் போய்விடும். மோட்டாருக்கு மிஞ்சுவது பாதிதான். அதனால்தான் 6 வோல்ட் காருக்குத் தடிமனான கேபிள் வேண்டும். 12 வோல்ட் காரின் கேபிளை அதில் போட்டால் வண்டி முனகும்.

உங்கள் வீட்டிலும் தாத்தா காலத்து வண்டி இருந்தால், இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் எர்த். பெயின்ட், பவுடர் கோட்டிங், துரு மூன்றுமே கரன்ட்டின் எதிரிகள். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு, பேட்டரி மைனஸுக்கும் இன்ஜினின் வெறும் உலோகத்துக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. சும்மா நிற்கும்போது அளந்தால் ஒன்றும் தெரியாது. கரன்ட் ஓடும்போது அளந்தால்தான் திருடன் மாட்டுவான்.

அடுத்து போலாரிட்டி. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாடியில் இணைப்பது மைனஸ் அல்ல, பிளஸ். நமக்குப் பழகிய மாதிரி மைனஸை பாடியில் கொடுத்தால் டைனமோ சார்ஜ் சர்க்யூட் குழம்பிவிடும். பேட்டரி மாட்டும் முன் வண்டியின் மேனுவலைப் பாருங்கள்.

மூன்றாவது, வயர். அந்தக் காலத்து வயரில் ரப்பர் உறையும் அதன் மேல் பருத்தி நூல் பின்னலும் இருக்கும். வெளியே நூல் நன்றாகத் தெரியும். உள்ளே ரப்பர் அப்பளம் மாதிரி நொறுங்கியிருக்கும். மடக்கிப் பார்த்து உதிர்ந்தால் மாற்றிவிடுங்கள். டேப் சுற்றி ஏமாற வேண்டாம். பழைய கார்களில் ஃப்யூஸ் மிகக் குறைவு. ஷார்ட் ஆனால் வயரே எரியும். அதனால் வயரில் கை வைக்கும் முன், பேட்டரி கேபிளைக் கழற்றிவிடுவது கட்டாயம்.

நான்காவது, பாயின்ட். செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் வண்டி பிடிக்கவில்லை என்றால் இங்கே வாருங்கள். பல கார்களில் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பாயின்ட் திரும்பத் திரும்பக் கருகினால், பாயின்ட்டை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. பக்கத்தில் இருக்கும் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலு பாகத்தை ஒரே நாளில் மாற்றினால், வண்டி சரியானாலும் எதனால் சரியாச்சுன்னு கடைசிவரைக்கும் தெரியாது.

பழியைத் துடைக்கப் போய்...

கெட்டரிங்கிடம் வருவோம். செல்ஃப் வந்த காடிலாக் கார்களில் மேடு ஏறும்போது இன்ஜினுக்குள் டக் டக் என்று தட்டும் சத்தம் வந்தது. நாக்கிங். போட்டி கம்பெனிக்காரர்கள் பழியைக் கெட்டரிங்கின் புது இக்னீஷன் மேல் போட்டார்கள். கோளாறு தன் சர்க்யூட்டில் இல்லை என்று காட்ட, காரணத்தைத் தேடக் கிளம்பினார். 1916-ல் இந்த வேலையை தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் இன்ஜினீயரிடம் கொடுத்தார். முடிவு கெட்டரிங் பக்கம்தான். குற்றவாளி ஸ்பார்க் அல்ல, பெட்ரோல் எரியும் விதம்.

அந்த இடத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதற்குள் டெல்கோ கைமாறி ஜெனரல் மோட்டார்ஸுக்குள் போயிருந்தது. அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்குக் கெட்டரிங் தலைவர். பெட்ரோலில் என்ன கலந்தால் தட்டல் நிற்கும் என்று குழு தேடிக்கொண்டே இருந்தது. 1921 டிசம்பர் 9-ம் தேதி பதில் கிடைத்தது. டெட்ரா எத்தில் லெட். அதாவது, ஈயம்.

ஒரு சொட்டு கலந்தால் போதும், தட்டல் காணாமல் போகும். ஆனால், ஈயம் விஷம் என்பது பல நூற்றாண்டுகளாக மனிதர்களுக்குத் தெரியும். மிட்ஜ்லிக்கே ஈய விஷம் ஏறி 1923-ல் ஓய்வெடுக்கப் போனார். ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் குறையும் என்பது அந்தக் குழுவுக்குத் தெரியாததல்ல. ஆல்கஹாலை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், ஈயக் கலவைக்குக் காப்புரிமை வாங்கலாம். 1924-ல் இதை விற்க எத்தில் கம்பெனி தொடங்கியபோது அதன் முதல் தலைவர் கெட்டரிங்தான். அதே வருஷம் அக்டோபரில் நியூ ஜெர்சியில் இதைத் தயாரித்த ஒரு ஆலையில் தொழிலாளர்கள் மனம் பிறழ்ந்து துடித்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். விற்பனை கொஞ்ச நாள் நின்றது. அரசு விசாரணை நடந்தது. தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று 1926-ல் முடிவானது. மறுபடி விற்பனை.

அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் முழுக்க கார் புகையில் ஈயம் பறந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பது பிறகு உறுதியானது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000-ம் ஆண்டில். கார்களுக்கு அதை விற்ற கடைசி நாடு அல்ஜீரியா. அங்கே நின்றது 2021-ல்தான்.

கடைசி வரை

கெட்டரிங் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சியை நடத்தினார். வெற்றி மட்டும் இல்லை. 1923-ல் அவர் பெரிதாக நம்பிய காப்பர் கூலிங் செவ்ரலே படுதோல்வி. விற்றவற்றையெல்லாம் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது. அதே மனிதர்தான் கரன்ட் வராத பண்ணை வீடுகளுக்குச் சின்ன ஜெனரேட்டர் செட்டையும், ரயில்களுக்கு டீசல் இன்ஜினையும் கொண்டு வந்த முயற்சிகளின் பின்னால் இருந்தார். 180-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில். நியூயார்க்கில் இருக்கும் புகழ்பெற்ற ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருப்பதும் அவர் பெயர்தான். அது தொடங்கியது 1945-ல். அடுத்த வருஷமே மனைவி ஆலிவ் இறந்துபோனார். 1958 நவம்பர் 25-ம் தேதி கெட்டரிங்கும் போய்ச் சேர்ந்தார். வயது 82.

ஒரே மனிதர்தான். டிரைவர்களின் கையைக் காப்பாற்றியதும் அவர்தான், காற்றில் ஈயம் கலக்கக் காரணமானவர்களில் ஒருவரும் அவர்தான். தன் சர்க்யூட்டில் தப்பு இல்லை என்று நிரூபிக்க அவ்வளவு பொறுமையாகத் தேடியவர், தொழிலாளர்கள் செத்தபோதும் அதே பொறுமையோடு தேடியிருக்கலாம். அந்த இடத்தில் மீட்டரை வைக்கவில்லை.

மாமாவின் கார் இப்போது ஒரே அழுத்தில் கிளம்புகிறது. எர்த் போல்ட்டைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு பெயின்ட் இல்லாமல் வெறும் இரும்பு தெரியும். துரு பிடிக்காமல் இருக்க மாமா அதில் கிரீஸ் தடவி வைத்திருக்கிறார். அசிங்கமாக இருக்கே, டச்-அப் பண்ணலாமே என்று யாராவது சொன்னால், அதைத் தவிர மீதி எங்கே வேண்டுமானாலும் பெயின்ட் அடிச்சுக்கோ என்கிறார்.